மல்வேர்னிலிருந்து மின்வேன் வரை

ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20

மல்வேர்னிலிருந்து ரொறன்ரோவின் நகர மையம் வரை கிட்டத்தட்ட இருபத்தெட்டுக் கிலோமீற்றர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள், மார்ச் மாதத்துச் சேற்றுப் பனியில், ஒரு சில்லு கோணிய காய்கறித் தள்ளுவண்டிக்குள் ஒன்பது கிலோ எடையுள்ள பழைய வீடியோ டெக் ஒன்றை வைத்து ஒருமுறை இழுத்துப் பார்க்கவும். இமயமலைக்குப் போனவர்களுக்காவது சுமை தூக்க ஆள் இருந்தது.

காரில் போயிருக்கலாம். காரை மனைவி ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகளின் புதுவீட்டுக்குக் கொண்டு போய்விட்டாள். அந்தப் பக்கத்தில் கார் இல்லாமல் ஒரு கட்டு கொத்தமல்லிகூட வாங்க முடியாது. ஆகவே பஸ். அட்டையைத் தட்டினால் மூன்று டொலர் முப்பது சதம். இரண்டு மணித்தியாலத்துக்கு எதில் வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். எனக்கு வயது அறுபத்தொன்று. முதியோர் கட்டணத்துக்கு இன்னும் நான்கு வருடம் கிடக்கிறது. முகத்துக்கு எப்போதோ தகுதி வந்துவிட்டது.

முப்பது வருடங்களாக ஸ்காபரோத் தமிழரின் கல்யாணங்களையும், பெண் பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீடுகளையும் வீடியோ எடுத்துப் பிழைத்தவன் நான். இலங்கையிலிருந்து வந்த கசெற்றுகள் ‘பால்’ என்ற முறையில் பதிவானவை. கனடாவின் முறை வேறு; இங்கத்தைய டெக்கில் போட்டால் வெறும் புள்ளிமழை. இரண்டையும் வாசிக்கும் டெக் என் நிலவறையில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. மற்றவற்றோடு மாறிப் போகாதிருக்க அதன் பெட்டியில் கறுப்பு மையால் பெரிதாக ‘பால்’ என்று எழுதி வைத்திருந்தேன்.

பஸ் ஓட்டுநர் ஒரு தமிழ் இளைஞர். பெட்டியை எட்டிப் பார்த்தார்.

“அண்ணை, உதுக்குள்ளை என்ன, பாலோ? ஊத்துப்பட்டால் பிறகு நான்தான் துடைக்கோணும்.”

“பால் இல்லைத் தம்பி. பலஸ்தீனம்.”

“என்ன?”

“பலஸ்தீனப் படம் ஒண்டு காட்டுகினம். நான்தான் மெசின் ஓட்டப் போறன்.”

முன் இருக்கையில், வேலைச் சீருடைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டிருந்த ஓர் அம்மா திரும்பினார். பிஸ்கற் தொழிற்சாலையில் பிற்பகல் வேலையாம்.

“படமோ? பாட்டு இருக்கோ?”

“இல்லை அக்கா.”

“சண்டை?”

“அதுவும் இல்லை. முழுக்கக் கலியாணம்.”

“பாட்டில்லாமல் என்ன கலியாண வீடியோ?” என்றார் அவர். “அதை ஆர் பாக்கிறது?”

பஸ்ஸில் இருந்த நான்கு தமிழரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கேள்விக்கு ஆமாம் போட்டே வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவன் நான்.

நண்பகல் 12.15

கென்னடி நிலையத்தில் சுரங்க ரயில். ஸ்பதைனா வரைக்கும் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. தள்ளுவண்டியைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, ரீமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் படத்தை எடுத்த ரீமா ஒரு பலஸ்தீனப் பெண்; நாற்பது வயதிருக்கும். மிசிசாகாவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. மிச்ச நேரத்தில் படம் எடுக்கிறாள். போன வருடம் ஒருநாள், டெக் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டாள். எந்த நாட்டவர் என்று விசாரித்தாள். “ஜஃப்னா” என்றேன். அவள் காதில் “ஜாஃபா” என்று விழுந்திருக்கிறது. ஜாஃபா அவளுடைய பாட்டன் காலத்தில் பறிபோன கடலோர நகரம். அவர்கள் யாஃபா என்பார்கள். சொந்த ஊர்க்காரன் ஒருவனை மல்வேர்னில் கண்டுபிடித்த பரபரப்பில் அன்று பின்னேரமே வந்து கதவைத் தட்டினாள். திறந்தால் இடுப்பில் சாரத்தோடும் நெற்றியில் திருநீற்றோடும் நான். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்புக்கு மனைவி மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

அவள் கொண்டு வந்தவை பதினொரு கசெற்றுகள். ஒன்றை மாற்ற நான் வாங்குவது பதினைந்து டொலர். எடுத்தவர் அவளுடைய தகப்பன். நாப்லுஸ் நகரத்துக்குப் பக்கத்து அகதி முகாமில் அவரும் என்னைப்போலக் கல்யாண வீடியோக்காரர். தொழில்காரன் தொழில்காரனுக்குச் செய்யும் மரியாதையாக முதல் கசெற்றை நான் சும்மா மாற்றிக் கொடுக்கவில்லை. ‘துப்புரவாக்கி’க் கொடுத்தேன். இரைச்சல், இருமல், தட்டுச் சத்தம், பின்னால் யாரோ கத்துவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு வயலின் இசையைப் படுக்கப் போட்டேன். எங்கள் ஆட்களுக்கு முப்பது வருடம் அப்படித்தான் செய்தேன். யாரும் குறை சொன்னதில்லை. தங்கள் சொந்தக்காரரின் கல்யாணங்களுக்கும் என்னையே பிடித்துக் கொடுத்தார்கள்.

ரீமா பார்த்தாள். கடைசி வயலின் வரைக்கும். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: “என் அப்பா எங்கே?”

எனக்கு விளங்கவில்லை. “அவர் கமெராவுக்குப் பின்னாலை நிண்டிருப்பார்தானே” என்றேன்.

“அதைத்தான் கேட்கிறேன்,” என்றாள். “கமெராவுக்குப் பின்னால் நிற்பவன் படத்தில் எங்கே இருப்பான்?”

சத்தத்தில் இருப்பான். வேறெங்கும் இருக்க மாட்டான். முப்பது வருடம் அதே இடத்தில் நின்ற முட்டாளுக்கு அதை ஒரு பல் வைத்தியரின் வரவேற்பாளர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நல்ல வேளை, மூலக் கசெற் பழுதாகவில்லை. திரும்ப மாற்றினேன். இந்த முறை ஒன்றையும் தொடவில்லை. அப்போதுதான் அந்த மனிதரின் குரலைக் கேட்டேன். மாப்பிள்ளையின் தோழன், சமையற்காரன், ஆறு வயதுப் பெட்டை என்று ஆளாளிடம் கமெராவை நீட்டி, கரகரத்த குரலில் ஒரே கேள்வி கேட்கிறார்: “மின்வேன்? மின்வேன்?” தொண்ணூறுகளில், தண்ணீரே ஒழுங்காக வராத முகாமில், இந்த ஆள் ஏன் மின்சார வேன் ஒன்றைத் தேடி அலைகிறார் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். ரீமாதான் சொன்னாள்: அரபியில் ‘மின் வேன்’ என்றால் ‘எங்கேயிருந்து?’

அட, நம்முடைய “ஊரிலை எவடம்?”

அவர்கள் சொன்ன பதில்களைக் கேட்க வேண்டும். முகாமில் பிறந்து, முகாமில் படித்து, முகாமில் கல்யாணம் செய்கிற இருபது வயதுப் பையன் “சலமா” என்கிறான். இன்னொருவன் “யாசூர்” என்கிறான். ஆறு வயதுப் பெட்டை, மேல்வாயில் இரண்டு பல் இல்லாமல், “யாஃபா” என்கிறாள். ஒருவர்கூட அந்த இடங்களைக் கண்ணால் கண்டதில்லை. யாஃபாவுக்குப் பக்கத்து ஊர்களான சலமாவும் யாசூரும் இன்று வேறு பெயர்களின் கீழே கிடக்கின்றன. ஆனால் ஒருத்தரும் முகாமின் பெயரைச் சொல்லவில்லை.

“எங்கள் சினிமாவே இதுதான்,” என்றாள் ரீமா. எழுபதுகளில் அவர்களுடைய ஆட்கள் எடுத்த படச்சுருள்கள் பெய்ரூட்டில் சேர்ந்து கிடந்தனவாம். எண்பதுகளின் போரில் பெரும்பகுதி காணாமற்போய்விட்டது. பிறகு வந்தவர்கள் படம் எடுக்கும்போது, ஒரு கையால் கதை சொல்லிக்கொண்டே மறுகையால் தொலைந்ததைத் தேடுகிறார்கள். கல்யாணக் கசெற்றில், அடுத்தவன் எடுத்த செய்திப்படத்தின் மூலையில். ஓடும்போது எங்கள் ஆட்கள் காணி உறுதிப் பத்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடவில்லையா? அவர்களுக்குப் படம்தான் உறுதி.

அந்த உறுதியைக் காட்டவும் அவளுக்கு இலேசில் இடம் கிடைக்கவில்லை. ஒரு விழாக்காரர், “அருமை, ஆனால் இடிபாடுகள் எங்கே?” என்று கேட்டாராம். அழுகிற பலஸ்தீனர் வேண்டும். ஆடுகிற பலஸ்தீனருக்குத் திரையில் இடமில்லை. கடைசியில் ஸ்பதைனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம் ஒத்துக்கொண்டது. முப்பத்தேழு நிமிடப் படம். அது முடிந்ததும் மூன்று நிமிடம், அந்த மூலக் கசெற் ஒன்றை அப்படியே என் டெக்கில் ஓட விடுவது.

அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் இந்தச் சுமை. ரீமாவின் தகப்பன் போன வருடத் தை மாதமே மிசிசாகாவில் காலமானார். தாய் இன்று வருகிறார். கசெற்றில் இந்தப் பகுதி இருப்பது அவருக்குத் தெரியாது. அதன் கடைசி இருபது வினாடியில், ஒரு தாம்பாளம் தூக்கிக்கொண்டு வருகிற இளம் மனைவியிடமும் அந்த மனிதர் பகிடியாகக் கேட்கிறார்: “மின் வேன்?” அவள் திரும்பி, “உன்ரை வீட்டிலையிருந்துதான், குருடா! கமெராப் பெட்டியைக் கீழை வைச்சிட்டு வந்து சாப்பிடு” என்று ஏசுகிறாள். அவர் சிரிக்கிறார். அவர் சிரிப்பு பதிவாகியிருப்பது பதினொரு கசெற்றிலும் அந்த ஓர் இடத்தில்தான்.

பிற்பகல் 1.10

மண்டபம், நிலையத்திலிருந்து நடந்தால் ஆறு நிமிடம், தள்ளுவண்டியோடு பதினாறு. பொறுப்பாளர் வாசலிலேயே வந்து கை கொடுத்தார். பச்சைக் கம்பளிச் சட்டை, மெல்லிய குரல். அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் என் காதுக்குள் போனதும் எந்த மொழியும் யாழ்ப்பாணத் தமிழாகிவிடும் வியாதி எனக்கு உண்டு. கேட்டபடியே எழுதுகிறேன்.

“வாங்கோ, வாங்கோ. நீங்கள் எங்கையிருந்து?”

“மல்வேர்ன்.”

“இல்லை, உண்மையிலை எங்கையிருந்து?”

“ஜஃப்னா. இலங்கை.”

“ஆகா, நல்ல இடம். கறி எனக்கு விருப்பம்.”

இந்த உரையாடலை முப்பத்தைந்து வருடமாக நடத்திவருகிறேன். கோபம் வருவது நின்று கனகாலம். அவர் ரீமாவையும் என்னையும் ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

“குறை நினையாதையுங்கோ,” என்று தொடங்கினார். இந்த நாட்டில் கழுத்தை நெரிக்கும்போதும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். “படம் நல்ல படம். ஆனால் அந்தக் கடைசி மூண்டு நிமிசம்... எல்லாரும் ஊர் ஊராய்ப் பேர் சொல்லுகினம். சிலருக்கு மனதுக்கு ஒரு மாதிரி இருக்கும் எண்டு கடிதம் வந்திருக்கு. படத்தை நிப்பாட்டச் சொல்லேல்லை. படம் ஓடட்டும். சத்தத்தை மட்டும் எடுத்துப்போட்டு, மெல்லிசா ஒரு இசையைப் போட்டு விடுவமே? வடிவாயிருக்கும்.”

ரீமா என்னைப் பார்த்தாள். நான் டெக்கைப் பார்த்தேன். அந்த ஆள் என் தொழிலை எனக்கே சொல்லித் தருகிறான்! ‘வடிவாயிருக்கும்.’ அதே சொல். எத்தனை தாய்தகப்பனுக்கு அதே சொல்லைச் சொல்லிக் காசு வாங்கியிருப்பேன்.

“கேள்வியையும் எடுக்கோணுமோ?” என்று கேட்டேன்.

“எந்தக் கேள்வி?”

“எங்கையிருந்து எண்டு கேக்கிறார். அது மட்டும்தான் கேள்வி. நீங்களும் இப்ப வாசல்லை என்னட்டை அதைத்தானே கேட்டனீங்கள்? நான் மல்வேர்ன் எண்டால் உங்களுக்குக் காணாது. உண்மையிலை எங்கை எண்டு கேப்பியள். படத்திலை அவையள் உண்மையைச் சொன்னால் பியானோ போடுவியளோ?”

பகிடியாகத்தான் தொடங்கினேன். முடிக்கும்போது பகிடி போய்விட்டிருந்தது. அவர் என் தோளைத் தட்டி, “உங்கடை உணர்வு விளங்குது” என்றார். என் உணர்வு விளங்கியவர்கள் எல்லோரும் அதற்குப் பிறகு தாங்கள் நினைத்ததைத்தான் செய்திருக்கிறார்கள்.

“முழுசாய் ஓட விடுங்கோ,” என்றாள் ரீமா என்னிடம், அவர் போனபிறகு. “நீங்கள் சத்தக் குமிழுக்கு முன்னால் நில்லுங்கோ. உங்களைத் தாண்டி ஒருத்தராலும் வர ஏலாது.” என் வயிற்றைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

பிற்பகல் 2.00

நாற்பத்து மூன்று பேர். எண்ணியதற்குக் காரணம், பொறுப்பாளர் பக்கம் பார்க்காமலிருப்பதற்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. ரீமாவின் தாய் மூன்றாவது வரிசையில், கறுப்புக் குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே இருந்தார்.

முப்பத்தேழு நிமிடமும் பிழையில்லாமல் ஓடியது. சனம் சிரித்தது. முகாமின் ஒடுங்கின சந்து ஒழுங்கைக்குள் மணப்பெண்ணின் நாற்காலி சிக்கிக்கொள்ளும் இடத்தில் ரீமாவின் தாய் ஏதோ சத்தமாகச் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

2.40 அளவில் டெக்கை ஓட விட்டேன். குமிழை முழுதாகத் திருப்பிவிட்டு, அதற்கு முன்னால் அரச மரம்போல நின்றேன். தோழன் வந்தான். “மின் வேன்?” “சலமா.” மூன்றாவது வரிசையில் அந்த அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. அடுத்தவன் வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

நான் குமிழைத் தடவினேன், வயரை ஆட்டினேன், டெக்கைத் தட்டினேன். பிறகுதான் கண்டேன்: பொறுப்பாளர் மண்டபத்தின் மறுபக்கச் சுவரில் ஓர் ஒலிச் சுவிச்சுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என் வயிற்றைத் தாண்ட அவருக்குத் தேவையே இருக்கவில்லை. அடுத்த வினாடி கூரையிலிருந்து பியானோ இறங்கியது. மெல்லிசாக. வடிவாக.

திரையில் பல்லில்லாத பெட்டை வாய் திறந்து மூடினாள். அவள் வாயிலிருந்து பியானோ வந்தது. சமையற்காரன் கரண்டியைத் தூக்கி ஏதோ சொன்னான், பியானோ. நான் எடுத்த ஒவ்வொரு கல்யாணமும் இப்படித்தான் இருந்திருக்கிறது. பாட்டு நன்றாயிருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

பிறகு நான் செய்ததை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இருட்டுக்குள் நாற்பத்து மூன்று பேருக்கு முன்னால் நின்று தமிழில் கத்தினேன்:

“நிப்பாட்டடா! அது என்ரை வேலையடா!”

ஒருவருக்கும் விளங்கியிருக்காது. விளங்கியிருந்தால் இன்னும் வெட்கம். ரீமா எழுந்து வந்து, தாம்பாளத்தோடு அவளுடைய தாய் திரையில் தோன்றுவதற்குச் சற்று முன்னர், டெக்கின் பொத்தானை அமத்தினாள். திரை நீலமானது. பியானோ மட்டும் தன்பாட்டில் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தது.

பிற்பகல் 3.05

வெளிக் கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.  ரீமாவின் தாய் மகளின் கையைப் பிடித்து, நிறுத்தியதன் மிச்சத்தைக் கேட்டார். ரீமா தன் தொலைபேசியில் அந்த மூன்று நிமிடத்தையும் தேடி எடுத்துக் கொடுத்தாள். அம்மா அதைக் கண்ணுக்கு முன்னால் பிடிக்கவில்லை. அழைப்பு வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டார்.

கேட்டு முடித்தார். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தரம் அவர் முகம் மாறியது. அழப்போகிறார் என்று நினைத்து நான் சட்டைப் பையில் கடதாசிக் கைக்குட்டை தேடினேன். அவர் நேரே நடந்து போய், பொறுப்பாளரின் கம்பளிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் குனிய வைத்து, அவருடைய காதில் தொலைபேசியை அழுத்தினார். ஐந்தடிகூட இல்லாத மனுசி. இருபது வினாடி அந்த ஆள் வளைந்தபடியே நின்று, மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டு கேட்டார். ஒரு பெண் ஏசுவதும் ஓர் ஆண் சிரிப்பதும் எனக்கும் கேட்டது.

“என்ன சொல்லுகினம்?” என்று கேட்டார் அவர், உண்மையாகவே அறிய விரும்பியவர்போல.

ரீமா தொலைபேசியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். 

“மின்சார வேன் ஒண்டைப் பற்றி,” என்றேன் நான்.

பின்னேரம் 4.20

திரும்பும் வழியில் இன்னொரு மூன்று டொலர் முப்பது சதம். இரண்டு மணித்தியாலம் எப்போதோ கடந்துவிட்டது.

பயணம் போனவர்கள் கடைசியில் தங்கள் ஊரோடு ஒப்பிட்டு ஏதாவது சொல்வது வழக்கம். பலஸ்தீனரின் வாயை மூட வெளியிலிருந்து ஒருவன் வர வேண்டியிருந்தது. கடிதம் எழுத ஒருவன், சுவர்ப் பெட்டியைத் திறக்க ஒருவன். எங்களுக்கு ஒருவரும் வரவில்லை. போரிலிருந்து தப்பி வந்து, உயிரோடிருந்த எல்லோரும் ஒரே மண்டபத்தில் கூடிய நாட்களை, ஒரு கல்யாணத்துக்கு அறுநூறு டொலர் வாங்கிக்கொண்டு நானே ஊமையாக்கிக் கொடுத்தேன். சத்தம் கழற்றாத மூலக் கசெற்றுகளும் என்னிடம் இல்லை. அடுத்த கல்யாணத்துக்கு அவற்றின் மேலேயே பதிந்தேன். புதுக் கசெற் அப்போது நான்கு டொலர்.

கென்னடி நிலையத்தில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பெயர் ஞாபகத்துக்கு வந்தது. நளாயினி. இருபத்தைந்து வருடத்துக்கு மேலிருக்கும், அஜின்கோர்ட்டில் அவளுடைய கல்யாணம். விருந்து நடுவில் தகப்பன் எழுந்து என் கமெராவைப் பார்த்து, போர் நடந்த வன்னியில் நின்றுவிட்ட மகனுக்கென்று நான்கு நிமிடம் பேசினார். பின்னால் தட்டுகள் கிலுங்கிக்கொண்டிருந்தன. சத்தத்தைக் கழற்றிவிட்டுப் புல்லாங்குழலோடு ஒரு பாட்டுப் போட்டேன். இரண்டு வருடத்தில் அவர் காலமானார். மகன் வன்னியிலிருந்து பிறகு வரவேயில்லை.

அவளுடைய தொலைபேசி இலக்கம் இருந்தது. அடித்தேன். எடுத்தாள். பஸ் மேடையிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

“வீடியோ அண்ணை, உதுக்கே இவ்வளவு யோசிக்கிறியள்?” என்று சிரித்தாள். “அந்தப் பாட்டு எங்கை கேட்டாலும் என்ரை பெடியன் ‘அம்மப்பாவின்ரை பாட்டு’ எண்டுவான். எங்கடை வீட்டிலை அவரின்ரை குரலே அதுதான்.”

 கோபம் வந்தது. யாரில் என்று கேட்காதீர்கள்.

“அண்ணை,” என்றாள், சிரிப்பு அடங்கின குரலில். “அண்ணா இல்லாமற் போனபிறகு நான் கனதரம் யோசிச்சிருக்கிறன். அண்டைக்குச் சனத்தின்ரை சத்தத்திலை எங்கள் ஒருத்தருக்கும் வடிவாக் கேக்கேல்லை. நீங்கள்தானே காதிலை ஹெட்போன் போட்டுக்கொண்டு அவருக்குக் கிட்ட நிண்டனீங்கள். அப்பா அண்ணாவுக்கு என்ன சொன்னவர்?”

ஹெட்போன் போட்டிருந்தேன். அந்த மனிதர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் காது வழியாகத்தான் போயிருக்கிறது. எனக்கு ஞாபகம் இருப்பது அவர் முகத்தில் விழுந்த விளக்கு வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போனது மட்டும்தான்.

“அண்ணை? சொல்லுங்கோ, கேக்குதோ?”

“பஸ் வருது பிள்ளை,” என்றேன். “பிறகு எடுக்கிறன்.”

பஸ் வரவில்லை.